ஒரு கட்டை இறங்கி ஓடிய கேசட்

போன வாரம் சர்க்கரைக்கு ரத்தம் கொடுப்பதற்காக அருப்புக்கோட்டையில் ஒரு சின்னப் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வெறும் வயிறு. வெறும் வயிற்றில் நான் மனிதனே இல்லை. சாப்பிட்ட பிறகும் பெரிய வித்தியாசம் கிடையாது என்று என் மனைவி சொல்வாள், அதை விடுங்கள். பக்கத்து நாற்காலியில் கறுப்புப் பனியன் போட்ட ஒரு பையன், கல்லூரிப் படிப்பு போலத் தெரிந்தது. காதில் எதையும் மாட்டாமல் போனில் பாட்டு வைத்திருந்தான். பாட்டு என்றால் நம் பாட்டு இல்லை. தகரக் கூரை மேல் கல் மாரி பெய்கிற மாதிரி டிரம்ஸ்.

"தம்பி, இது ரத்தம் எடுக்கிற எடமா, ஒங்க வீட்டுக் கல்யாணமா?" என்றேன்.

பையன் பதறிப்போய், "சாரி தாத்தா" என்று குறைக்கப் போனான். அதே நேரம் நர்ஸ் பெண் என் முழங்கை மடிப்பில் ஸ்பிரிட் பஞ்சை வைத்துத் தேய்த்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், போனுக்குள் அந்த ஆள் வாயைத் திறந்து பாட ஆரம்பித்ததும் ஒன்றாக நடந்தன.

"ஏய், கொறைக்காத. கூட்டு" என்றேன்.

"கையை ஆட்டாதீங்கய்யா" என்றாள் அந்தப் பெண். ஆட்டிவிட்டேன். இரண்டாவது முறை குத்தினாள்.

பையனுக்கு ஒரே ஆச்சரியம். "ரொம்பப் பழைய பேண்டு தாத்தா இது. எல்லாருக்கும் எழுவது தாண்டிருச்சு. பதினஞ்சு வருசம் சும்மா இருந்துட்டு இப்பத்தான் திரும்ப வந்து ஆல்பம் போட்டுருக்காங்க. பாடுறவருக்குக் குரல் போயிருச்சுன்னு நெட்டுல எல்லாரும் திட்டுறாய்ங்க. பழைய மாதிரி மேல போக முடியல, எல்லாப் பாட்டையும் எறக்கித்தான் பாடுறாரு" என்றான்.

குரல் போகவில்லை. எனக்குத் தெரிந்த குரல் அதுதான். உலகம் முழுக்க அந்த ஆளை வேறு குரலில் கேட்டது. அருப்புக்கோட்டையில் இரண்டு பேர் மட்டும் நாற்பது வருடத்துக்கு முன்பே அவரை இப்படித்தான் கேட்டோம். ஒருவன் நான். இன்னொருவன் ஜெயசீலன்.

ஸ்பிரிட் வாசனையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அப்போது பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு கடை இருந்தது. ரேடியோ, டேப் ரிக்கார்டர் பழுது பார்ப்பேன். கேசட்டில் பாட்டுப் பதிந்தும் கொடுப்பேன். திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் பருத்தியும் மல்லியும் போட்டுக்கொண்டிருந்த என் அப்பா, "பாட்டை அள்ளி டப்பாவுல அடைக்கிறதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் ஊரெல்லாம் சொன்னார். நானும் பதிலுக்குச் சொல்லக்கூடாததைச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நாக்கில் எலும்பு இல்லை என்பதோடு தோலும் கிடையாது.

கடையில் இரண்டு டெக் வைத்திருந்தேன். ஒன்று பாடும், இன்னொன்று பதியும். ஊரில் நூல் மில்கள் இருந்ததால் எங்கே பார்த்தாலும் பஞ்சுத் தூசி. அது மிஷினுக்குள் போய் டேப் உரசுகிற இடத்தில் அப்பிக்கொள்ளும். ஸ்பிரிட்டில் பஞ்சைத் தொட்டுத் துடைத்தால்தான் பாட்டு தெளியும். பஞ்சால் வந்த அழுக்கைப் பஞ்சால் துடைப்பது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. என் விரலில் சோறு வாசனையே வராது, ஸ்பிரிட் வாசனைதான் வரும்.

அந்தக் கடைக்கு ஒரு நாள் செல்லத்தாய் டீச்சர் வந்தார்கள். நரிக்குடிப் பக்கம் ஒரு கிராமத்துச் சபையில் பாட்டுக் குழுவை நடத்தி வந்தவர்கள். கையில் கிறிஸ்துமஸ் பாட்டுக் கேசட் ஒன்று. அவர்கள் ஊரில் ஆர்மோனியம் வாசித்தவர் வேலை கிடைத்துத் தூத்துக்குடிக்குப் போய்விட்டார். அதனால் டேப் ரிக்கார்டரை ஒரு சைக்கிள் கேரியரில் கட்டி ஓட விட்டு, கூடவே பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவது என்று முடிவு. அங்கேதான் சிக்கல்.

"பாடுற அம்மா ஒசரத்துல நிக்கிறாக தம்பி. எங்க கூட்டத்துல அறுவதுக்குக் கீழ ஆளே இல்ல. அம்புட்டு ஒசரம் தொண்டை ஏறல. போன வாரம் ஒத்திகையில ஒருத்திக்கு இருமல் வந்து நிக்கவே இல்ல. ஒரு கட்டை எறக்கிப் பதிஞ்சு குடுங்க" என்றார்கள்.

"கேசட்டுல எப்படி டீச்சர் சுருதிய எறக்குறது? அது என்ன ஆர்மோனியப் பொட்டியா?"

"ஒங்களுக்குத் தெரியும்னு சொன்னாக. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. விருதுநகருக்குப் போறேன்."

என்னிடம் அப்படிச் சொன்னால் விடுவேனா? டெக்கின் மோட்டாருக்குப் பின்னால் ஊசி போகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். அதற்குள் ஒரு பொடித் திருகாணி. சன்னமான திருப்புளியை விட்டு அதைத் திருப்பினால் மோட்டார் ஓட்டம் கூடும், குறையும். ஓட்டம் குறைந்தால் பாட்டு மெதுவாகும், சுருதியும் இறங்கும். பாடுகிற டெக்கில் அதைத் திருப்பினேன். டீச்சர் பக்கத்தில் நின்று கூடவே பாடிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிச் சரியாக ஒரு கட்டையில் நிறுத்தினார்கள். பாட்டு நிதானமாகிவிட்டது. "நடைக்கும் தோதா இருக்கு" என்று சந்தோஷமாக வாங்கிப் போனார்கள்.

நான் அந்தத் திருகாணியைப் பழைய இடத்துக்குத் திருப்பவில்லை. மறந்துவிட்டேன். இதைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

மறுநாள் சீலன் வந்தான். ஜெயசீலனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். மில்லில் நூல் நூற்கும் மிஷினில் வேலை. ஷிப்ட் முடிந்து நேராக வருவான், தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். முப்பது வயது ஆகாதவனுக்கு நரைத்த மாதிரி இருக்கும். எப்போதும் சத்தமாகப் பேசுவான். மில்லுக்குள் பேச்சு கேட்காது. அங்கே கையால்தான் பேசிக்கொள்வார்கள். மேஸ்திரி வருகிறார் என்பதற்கு ஒரு சைகை, டீ வந்துவிட்டது என்பதற்கு ஒன்று. நூல் அறுந்து கிடக்கிறது, ஒட்டிவிடு என்பதற்கு இரண்டு ஆள்காட்டி விரல்களின் நுனியையும் சேர்த்துக் காட்டுவார்கள். சீலன் கடைத்தெருவிலும் அதே கைப்பேச்சுதான். எனக்கும் எல்லாம் பழகிவிட்டது.

அவன் மச்சான் கப்பலில் வேலை பார்த்தார். லீவுக்கு வந்தவர் ஒரு கேசட் கொண்டு வந்திருந்தார். அட்டையில் ஒரு பட்டறைக் கல்லும் சுத்தியலும், அதைச் சுற்றி முடி வளர்த்த ஐந்து வெள்ளைக்காரர்களும். அவர்கள் பெயரை நாங்கள் இருவரும் ஒழுங்காக உச்சரித்ததே இல்லை. எங்களுக்கு அவர்கள் பட்டறைக்காரர்கள்.

"மாப்ள, மச்சான் நாளைக்குக் கெளம்புறாக. கேசட்டத் திருப்பிக் குடுக்கணும். இப்பவே பதி" என்றான் சீலன்.

பதிந்தேன். எந்த டெக்கில் போட்டுப் பதிந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு கட்டை இறங்கி, கிடா ஆடு கிணற்றுக்குள் விழுந்து கத்துகிற மாதிரி ஒரு குரல். அடியில் சாக்கு மூட்டையை இழுத்துப் போகிற மாதிரி கிட்டார். எனக்குத் தலைவலி வந்தது. சீலன் ஸ்பீக்கரில் கன்னத்தை ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னலே இருக்கு இதுல?" என்று கேட்டேன்.

"மில்லுல இருந்து வந்தா வீட்டுல எஸ்தர் பேசுறது, ரேடியோப் பாட்டு எதுவும் மூணு மணி நேரத்துக்குச் சரியா விழ மாட்டேங்குது. காதுக்குள்ள மிஷின் ஓடிக்கிட்டே இருக்கும். இது அந்த மிஷினையும் மிஞ்சிக்கிட்டு வருது மாப்ள."

எஸ்தர் அவன் மனைவி. கல்யாணமாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. "வீட்டுக்குள்ள பிசாசு பூந்துருச்சுன்னு பக்கத்து வீட்டுல செபம் பண்ண வாராகண்ணே" என்று என்னிடம் வந்து புகார் சொல்வாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

ஒரு வாரம் கழித்து மல்லாங்கிணறு டீக்கடைக்காரர், நான் பதிந்து கொடுத்த சினிமாப் பாட்டுக் கேசட்டைக் கொண்டு வந்து மேஜையில் எறிந்தார். "பாடுறவன் தூக்கக் கலக்கத்துல பாடுறான்யா." அப்போதுதான் திருகாணி ஞாபகம் வந்தது. அவரைத் திட்டிக்கொண்டே சரிசெய்து, அவருக்குத் திரும்பப் பதிந்து கொடுத்தேன். பட்டறைக்காரர்களை நான் நினைக்கவே இல்லை. அவர்கள் எந்தச் சுருதியில் பாடுவார்கள் என்று அருப்புக்கோட்டையில் யாருக்குத் தெரியும்?

சீலன் ஒரு பழைய கிட்டார் வாங்கினான். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கேசட்தான் வாத்தியார். ஓட விட்டு, நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டு, ஒவ்வொரு கம்பியையும் அந்தக் கேசட்டுக்குச் சேர்த்தான். கம்பி கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருக்கும், அதிரும். அதுதான் அவர்களுடைய ரகசியம் என்று நினைத்தான். மூன்று வருடத்தில் கேசட்டில் உள்ள எட்டுப் பாட்டும் மூச்சு விடுகிற மாதிரி வந்துவிட்டது. சபையில் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கச் சொன்னார்கள். கூட ஆர்மோனியம் இல்லாததால் யாருக்கும் குறை தெரியவில்லை. "பக்தியா இருக்கு, ஆனா கூரை அதிருது" என்று பாஸ்டர் சொன்னாராம்.

நான் ஒன்று சொல்ல வேண்டும். அவன் காது மாதிரி ஒரு காதை நான் பார்த்ததில்லை. கடையில் பத்து ரேடியோ சேர்ந்து இரைந்தாலும், "அந்த மூணாவதுல கம்பி லூசா இருக்கு" என்பான். இருக்கும். அந்தக் காதுக்குத்தான் மில் உலை வைத்துக்கொண்டிருந்தது. மதுரையில் காது டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: இந்தச் சத்தத்தில் தொடர்ந்து நின்றால் மிச்சம் இருக்காது, வேறு வேலை பார். சொல்வது சுலபம். அருப்புக்கோட்டையில் மில்லை விட்டால் தறி. அதுவும் சத்தம்தான்.

அப்போதுதான் விருதுநகரில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்க ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தது. கல்யாணம், கோயில் கொடை, பொருட்காட்சி என்று வருடம் முழுக்கக் கச்சேரி உள்ள குழு. கிடைத்துவிட்டால் மில்லுக்குப் போக வேண்டாம். சீலன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான். எஸ்தர் செபம் பண்ணி அனுப்பினாள். நானும் கடையை அடைத்துவிட்டுக் கூடப் போனேன். நானாகத்தான் போனேன், அவன் கூப்பிடவில்லை.

ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் ஒத்திகை. தலைவர் கீபோர்டு வாசிப்பவர். சீலன் ஒரு தடவை கம்பியைத் தடவியதுமே நிறுத்திவிட்டார்.

"தம்பி, சுருதி ஒரு கட்டை கொறையா நிக்கிது. ஏத்துங்க."

"எனக்குச் சரியாத்தாங்க இருக்கு. ஒங்க பொட்டிதான் ஏறியிருக்கு" என்றான் சீலன். மரியாதையாகத்தான் சொன்னான். சத்தமாகவும் சொன்னான்.

"ஜப்பான்காரன் தப்பாப் பண்ணிட்டானாப்பா? சரி, நீங்க எதை வச்சு சுருதி சேக்குறீக?"

"கேசட்டை வச்சு."

டிரம்ஸ் அடிக்கிறவன் குச்சியால் தன் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "அண்ணே, கேசட்டுச் சுருதியாம்ணே!"

சீலன் முகம் கறுத்துவிட்டது. முளைகளைத் திருக ஆரம்பித்தான். மூன்று வருடமாகத் தளர்வாகவே இருந்து பழகிய பழைய கம்பிகள், துருவும் ஏறியிருந்தது. முதல் கம்பி அறுந்து அவன் கன்னத்தில் அடித்தது. இரண்டாவதும் போனது. மாற்றுக் கம்பி இல்லை. அவர்களிடம் இருந்தது, கொடுக்கவில்லை.

"சுருதியே பிடிபடாத ஆளை மேடையில ஏத்துனா நாங்கதான் கல்லடி வாங்கணும். பாத்துப் போங்க தம்பி" என்றார் தலைவர்.

நான் எழுந்து போய் அவர் சட்டையைப் பிடித்தேன். "இவன் காது மாதிரி காது ஒங்க கூட்டத்துல எவனுக்கு இருக்கு? கேசட்டு தப்பாம்ல? அந்தக் கேசட்டைப் பதிஞ்சதே நாந்தான்யா!" என்று கத்தினேன். இரண்டு பொத்தான் தெறித்தது. நான்கு பேர் சேர்ந்து என்னைப் படியில் இறக்கிவிட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் பாலவனத்தம் வரைக்கும் அறுந்த கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே வந்தான். கன்னத்தில் சிவப்பாக ஒரு கோடு. அப்புறம் என் தொடையைத் தட்டி, "விடு மாப்ள. மில்லுல எவனும் என்னையச் சுருதி சேக்கச் சொல்ல மாட்டான்" என்றான். மறுநாள் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டான்.

அதற்கு அடுத்த வருடமோ என்னவோ, பட்டறைக்காரர்கள் சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்கள் என்று மச்சான் கப்பலிலிருந்து கடிதம் எழுதினார். சீலன் ஒரு வாரம் தாடி மழிக்கவில்லை. "அவுக வீட்டுல எழவு விழுந்தா இவுக எதுக்குத் தாடி வளக்குறாக?" என்று எஸ்தர் கேட்டாள். அவர்கள் திரும்ப ஒன்று சேர்வார்கள் என்று அவன் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தான். என்னமோ இவனிடம் கேட்டுவிட்டுத்தான் பிரிந்த மாதிரி.

சேர்ந்தார்கள். தொண்ணூறு பிறந்து இரண்டு, மூன்று வருடம் ஆகியிருக்கும். மச்சான் புதுக் கேசட்டோடு வந்தார். கண்ணாடித் தாள் சுற்றிய அசல். அட்டையில் அதே பட்டறைக் கல், ஆனால் ஐந்து பேருக்கும் தொப்பை. சீலன் அதை உடனே பிரிக்கவில்லை. வார லீவு நாள் வரை வைத்திருந்து, குளித்து, சபைக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தான். நான் டெக்கை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து வைத்திருந்தேன். எஸ்தர் முறுக்கு கொடுத்துவிட்டிருந்தாள்.

முதல் பாட்டு ஓடியது. சீலன் என்னைப் பார்த்தான். இரண்டாவது ஓடியது. முறுக்கைக் கீழே வைத்துவிட்டான்.

"மாப்ள, இது அவரு இல்ல."

"பேரு போட்டுருக்குல்லலே."

"கொரல் ஒல்லியா இருக்கு. கிட்டாரு கீச்சுனு இருக்கு. வயசானா கொரல் எறங்கத்தான செய்யும்? ஏறுமா? வேற எவனையோ பாட வச்சு ஏமாத்துறாய்ங்க."

மறுபக்கம் திருப்பிப் போட்டேன். அதில் பழைய பாட்டு ஒன்றைத் திரும்பப் பாடியிருந்தார்கள். அவன் ஆயிரம் தடவை வாசித்த பாட்டு. முதல் வரியிலேயே எழுந்துவிட்டான்.

"பாட்டையே மாத்திட்டாய்ங்க." பிறகு சந்தேகத்தோடு என் டெக்கைப் பார்த்து, "ஒம் மிஷின்ல எதும் கோளாறாலே?" என்று கேட்டான்.

"என் மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல" என்றேன். அது உண்மை. அன்றைக்கு இல்லை.

"அஞ்சாறு வருசமாக் காத்துக் கெடந்தேன்டா. நீயே வச்சுக்க" என்று கேசட்டை விட்டுவிட்டுப் போனான். கடைத்தெரு முனை வரைக்கும் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். திரும்பி வந்து அந்தப் பழைய பாட்டைப் புதுக் கேசட்டில் ஒரு தடவையும், சீலனுக்குப் பதிந்த அன்றே கடைக்கென்று எடுத்து வைத்திருந்த பிரதியில் ஒரு தடவையும் போட்டேன். சரியாக ஒரு கட்டை. அப்போது என் காதில் பட்டறைக்காரர்கள் கேட்கவில்லை. "எங்க கூட்டத்துல அறுவதுக்குக் கீழ ஆளே இல்ல தம்பி" என்கிற செல்லத்தாய் டீச்சரின் குரல்தான் கேட்டது.

அந்தப் புதுக் கேசட் சரி. நான் கொடுத்ததுதான் தப்பு. விருதுநகரில் அந்த ஆள் சொன்னது சரி. நான்தான் அவர் சட்டையைப் பிடித்தேன்.

நான் எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவன் என்று ஊரில் பெயர். கரண்டு ஆபீசில், தாலுகா ஆபீசில், சொந்தக்காரன் கல்யாணப் பந்தியில் சாம்பார் தண்ணியாக இருந்தால்கூடச் சொல்லிவிட்டுத்தான் இலையை மூடுவேன். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு முப்பது வருடம் இந்த ஒன்றைச் சொல்லாமல் இருந்தேன். மூன்று தடவை சொல்லப் போனேன். முதல் தடவை அவனுக்குக் காய்ச்சல். இரண்டாவது தடவை அவன் மகளுக்குக் காது குத்து. மூன்றாவது தடவை ஒரு காரணமும் இல்லை, பயம். அதற்குள் அவனிடம் நான் சொல்வதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஒரு தடவை சொல்லவே முடியாததை எப்படி இரண்டு தடவை சொல்வது?

பிறகு சி.டி. வந்தது, கேசட் போனது. நான் கடையை விட்டுவிட்டு மோட்டார் காயில் கட்டும் வேலைக்கு மாறினேன். சீலனுடைய மில்லைப் பூட்டினார்கள். அவன் எஸ்தரின் ஊரான பாலவனத்தத்துக்கே போய்விட்டான். தீபாவளிக்கு நான் பலகாரம் கொண்டு போவேன், கிறிஸ்துமஸுக்கு அவன் கேக் கொண்டு வருவான். உட்கார்ந்து டீ குடிப்போம். அவன் காது முழுக்கப் போய்விட்டது.

ரத்தம் கொடுத்த அன்று அந்தப் பையனை விடவில்லை. பாட்டை என் போனில் ஏற்றித் தரச் சொன்னேன். இட்லிகூடச் சாப்பிடாமல் பாலவனத்தம் பஸ் ஏறினேன்.

சீலன் வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். இப்போது நிஜ நரை. என்னைப் பார்த்ததும், டீ வந்துவிட்டது என்கிற மில் சைகையைக் காட்டினான். போனில் பாட்டைப் போட்டு அவன் காதோரம் வைத்தேன். உதட்டைப் பிதுக்கினான். ஒன்றும் விழவில்லை. சுவரில் மாட்டியிருந்த வேத வசன நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதினேன். 

"பட்டறைக்காரர் கேசட்டை நான் தப்பாகப் பதிந்தேன். செல்லத்தாய் டீச்சருக்காக மோட்டாரை ஒரு கட்டை இறக்கி வைத்தேன். திரும்ப ஏற்ற மறந்துவிட்டேன். மறுநாள் உனக்குப் பதிந்தேன். உன் சுருதி குறைந்ததற்குக் காரணம் நான்."

கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தான்.

"டீச்சர் கூட்டத்துக் கெழவிகளுக்காகவா?" என்று கேட்டான். தெருவுக்கே கேட்டது.

தலையை ஆட்டினேன்.

"அப்ப விருதுநகர்ல அந்தாளு சொன்னது சரியாலே?"

தலையை ஆட்டினேன்.

"நீ அவரு சட்டையப் புடிச்சியேடா!" என்றவன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான். சிரிப்பு போன இடத்தில் முகம் வேறு மாதிரி ஆனது. "ஒனக்கு எப்பத் தெரியும்?"

சட்டைக் காலரைத் தொட்டு, பிறகு முறுக்குத் தின்பது மாதிரிக் காட்டினேன். சபைக்குப் போகிற சட்டை போட்டுக்கொண்டு வந்தாயே, அந்த நாள். அவனுக்குப் புரிந்தது. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். எஸ்தர் டீயோடு வந்தவள், "என்னத்தண்ணே எழுதிக் குடுத்தீக, இவுக மூஞ்சி இப்படி ஆயிருச்சு?" என்றாள். நான் டீயைக் குடித்தேன். சர்க்கரை போட்டிருந்தாள், சொல்லவில்லை.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தாளைக் கிழித்தேன். "இப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. மேலே போக முடியவில்லை. ஒரு கட்டை இறக்கிப் பாடுகிறார். உன் கேசட் மாதிரியே இருக்கிறது."

அதைப் படித்ததும் என் கையிலிருந்த போனை வாங்கித் தன் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டான். அந்தச் சின்னப் போனில் என்ன அதிரும்? ஆனாலும் வைத்திருந்தான்.

"அப்ப அவுகதான் எறங்கி வந்துருக்காக" என்றான். "நல்லா இருக்கா?"

"பரவாயில்ல. கெழவனுகளுக்கு மூச்சு வாங்குது" என்று வாயை நன்றாக அசைத்துச் சொன்னேன். சிரித்தான். இந்தத் தடவை முழுதாக.

உள்ளே போய் அந்தக் கேசட்டைக் கொண்டு வந்தான். நான் பதிந்தது, என் கையெழுத்து. பேனா மை வெளுத்துப் பழுப்பாகியிருந்தது. டேப் கொஞ்சம் வெளியே தொங்கியது. பென்சிலை விட்டுச் சுற்றி உள்ளே அனுப்பிக் கொடுத்தேன். அதைப் போட்டுக் கேட்க இருவரிடமும் மிஷின் இல்லை. ஆயிரம் டேப் ரிக்கார்டரைக் கழற்றி மாட்டிய என் வீட்டில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டது.

அப்போது சீலன் பாடினான். அந்தப் பழைய பாட்டு. வார்த்தை எல்லாம் அவனாகப் போட்டுக்கொண்டது, இங்கிலீஷும் இல்லை தமிழும் இல்லை. மில் சத்தத்துக்கு மேல் பாடுகிற மாதிரித் தொண்டையைத் திறந்து பாடினான். புதிய ஆல்பத்தில் அதே பாட்டு கடைசியில் இருப்பதாகப் பையன் சொல்லியிருந்தான். தேடி ஓட விட்டேன். போனில் அந்தக் கிழவரும் மரத்தடியில் இந்தக் கிழவனும் ஒரே சுருதியில் நின்றார்கள், இம்மி பிசகில்லை. எஸ்தர் டம்ளரோடு நின்றுவிட்டாள். அதைக் கேட்க முடியாத ஒரே ஆள் அவன்தான்.

மன்னித்தானா என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் இரண்டு தடவை கேட்க வேண்டும்.

பஸ்ஸுக்கு நடந்தேன். இந்த ரோட்டில் முன்பு ஷிப்ட் விட்ட மில் ஆட்கள் சைக்கிளில் கைகளை ஆட்டிப் பேசிக்கொண்டே போவார்கள். மில் நின்ற இடத்தில் இன்று மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறது. சங்கு ஊதுவதில்லை. அந்தக் கைப்பேச்சு தெரிந்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள், மீதிப் பேர் ஆளுக்கொரு ஊரில் காது கேட்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். சீலன் ரோட்டோரம் வரை வந்திருந்தான். இரண்டு கைகளையும் தூக்கி, அறுந்த நூலுக்குக் காட்டுகிற மாதிரி ஆள்காட்டி விரல்களின் நுனியைச் சேர்த்துக் காட்டினான்.

"யாரு தாத்தா, எதுக்குக் கையக் காட்டுறாரு?" என்று கேட்டார் கண்டக்டர்.

"டிக்கெட்டக் கிழி" என்றேன்.